விடியற்காலைப் பனியில் வண்டி ஓட்ட: கையுறை தேர்ந்தெடுக்கும் முறை

கார்த்திகை பிற்பாதியில் தொடங்கித் தை முடியும் வரை, வெளிச்சம் வருவதற்கு முன்பே வண்டியை எடுப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பால் கேனோடு கிளம்புகிறவர், நாமக்கல் கோழிப்பண்ணைக்கு முதல் ஷிப்டு வேலைக்குப் போகிறவர், சேலம் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டி வருகிறவர், ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஏற்காடு ஏறுகிறவர் என்று எல்லோருக்கும் முதலில் விறைப்பது விரல்தான். ஸ்வெட்டரும் குல்லாவும் வாங்கும் பலர் கைக்கு ஒன்றும் வாங்குவதில்லை. வாங்குகிறவர்களிலும் பெரும்பாலோர் கடையில் இருப்பதிலேயே தடிமனான ஜோடியை எடுத்து வந்துவிடுகிறார்கள். நம் சாலைகளுக்கு அது பொருந்தாது.

## நம் ஊருக்கு எவ்வளவு கையுறை வேண்டும்?

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் அடிவாரத்தில் கிளம்பியவருக்கு மேலே போய்ச் சேரும்போது ஏழெட்டு டிகிரி குறைந்திருக்கும். கொல்லிமலையும் ஆயிரம் மீட்டருக்கு மேல்தான். ஆனாலும் இது உறைபனி நாடு அல்ல. இங்கே கையை விறைக்க வைப்பது பெரும்பாலும் காற்று.

10 டிகிரிக் குளிரில் நின்றுகொண்டிருந்தால் சமாளித்துவிடலாம். அதே குளிரில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் தோலுக்கு அது 5 டிகிரி போல இருக்கும். மலைப்பாதையில் வேகம் 25, 30க்கு மேல் போகாது. நாற்கரச் சாலையில் 70, 80 போகும். அதனால் சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் விடியலுக்கு முன் அரை மணி நேரம் ஓட்டினால், மலை ஏறும்போது விறைப்பதைவிட அதிகமாகக் கை விறைக்கலாம்.

மலையில் தேவையே வேறு. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70. ஒவ்வொரு வளைவிலும் கிளட்ச், பிரேக், ஹாரன், இண்டிகேட்டர் என்று விரல்களுக்கு ஓயாத வேலை. இறங்கும்போது முன் பிரேக்கை எவ்வளவு பிடித்திருக்கிறோம் என்பதை விரல் நுனிதான் சொல்ல வேண்டும். தடித்த கையுறைக்குள் அந்த உணர்வு போய்விடும்.

ஆக, நமக்கு வேண்டியது காற்றை நிறுத்துகிற, ஆனால் லீவரின் உணர்வைக் கெடுக்காத கையுறை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை வந்தால் உணர்வையே தேர்ந்தெடுங்கள். குளிரைக் குறைக்க வேறு வழிகள் உண்டு, அவை பின்னால் வருகின்றன. பிரேக் உணர்வை ஈடுகட்ட வேறு வழி இல்லை.

## கடையில் கிடைக்கும் வகைகள்

கம்பளிப் பின்னல் கையுறை. குளிர்காலத்தில் முளைக்கும் ஸ்வெட்டர் கடைகளில் கிடைப்பது. நடப்பதற்கும் டீக்கடையில் நிற்பதற்கும் நல்லது. வண்டிக்கு வேண்டாம். பின்னலுக்குள் காற்று நேராகப் புகும். அதைவிட மோசம், ரப்பர் கிரிப்பில் இது வழுக்கும். விழுந்தால் தார்ச்சாலையில் உடனே கிழிந்துவிடும்.

வலைத்துணிக் கையுறை. சித்திரை வெயிலுக்காகத் தைத்தது. வருடம் முழுக்க இதையே போடுகிறவர்கள் நிறைய. பகலில் சரி, மார்கழி விடியலில் போட்டும் போடாத மாதிரிதான்.

பனிச்சறுக்குக் கையுறை. உப்பிய பஞ்சோடு பார்க்கவே கதகதப்பாக இருக்கும். உள்ளங்கையில் தேய்மானம் தாங்கும் தோல் இருக்காது, விரல்கள் மடங்காது. இதைப் போட்டுக்கொண்டு கிளட்ச் பிடிப்பது ஆபத்து.

வெல்டிங், தொழிற்சாலைத் தோல் கையுறை. விலை மலிவு, தோல் உறுதி. ஆனால் விறைப்பானது, தையல் விரலுக்குள் உறுத்தும், மணிக்கட்டில் பட்டை கிடையாது. விழுந்தால் கையிலிருந்து கழன்று பறந்துவிடும்.

மெல்லிய உள்துணி வைத்த தோல் கையுறை. உள்ளங்கையில் ஆட்டுத்தோல் அல்லது மாட்டுத்தோல், புறங்கையில் காற்றுப் புகாத துணியோ தோலோ, உள்ளே மெல்லிய ஃப்ளீஸ். சமவெளியிலும் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ஓட்டுகிற ஒருவருக்கு ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

சவ்வு வைத்த குளிர்காலக் கையுறை. உள்ளே நீர் புகாத சவ்வு, அதோடு தின்சுலேட் போன்ற செயற்கைப் பஞ்சு. பஞ்சின் அளவைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பார்கள். நமக்கு 40 முதல் 100 கிராம் வரை போதும். அதற்கு மேல் பஞ்சு வைத்ததெல்லாம் வேறு தட்பவெப்பத்துக்கு. மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி போகிறவர்களுக்கும், ஓசூர் தாண்டி இரவில் பெங்களூர் போகிறவர்களுக்கும் இந்த வகை தோதானது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படியும் இடம்.

> குறிப்பு: காற்று மோதுவது புறங்கையிலும் விரல்களின் முதுகிலும். உள்ளங்கை கிரிப்பை அணைத்துக்கொண்டு மறைவாக இருக்கிறது. அதனால் பஞ்சு புறங்கையில் இருக்க வேண்டும், உள்ளங்கை மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே தடிமனாக இருக்கும் கையுறையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

## வாங்கப் போகும் முன்: கையை அளப்பது

1. தையல் டேப் ஒன்றை எடுங்கள். வலக்கைக்காரர் வலக்கையை அளக்க வேண்டும், அதுதான் சற்றுப் பெரியது.
2. கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடி முட்டிகளைச் சுற்றி அளவு எடுங்கள். கையைத் தளர்த்தி வைத்திருங்கள், டேப்பை இறுக்க வேண்டாம்.
3. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளத்தையும் எடுங்கள்.
4. சுற்றளவு 203 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் 8ஆம் எண், 229 வந்தால் 9, 254 வந்தால் 10. எண்ணுக்குப் பதிலாக எம், எல், எக்ஸ்எல் என்று போடும் கம்பெனிகள் பல. ஒரு கம்பெனியின் எல் இன்னொன்றுக்கு எம் ஆக இருக்கலாம். எழுத்தைப் பார்க்காதீர்கள், அவர்களுடைய அளவு அட்டவணையைக் கேளுங்கள்.
5. இரண்டு எண்களுக்கு நடுவே அளவு விழுந்தால், உள்ளே மெல்லிய உள்கையுறை போடும் எண்ணம் இருந்தால் பெரியது. இல்லையென்றால் இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெண்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிரமம் உண்டு. கடைகளில் ஆண்கள் அளவே குவிந்திருக்கும். “கொஞ்சம் லூசா இருந்தா பரவால்லைங்க, பழகிடும்” என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். விரல் நுனியில் தொங்கும் துணி பிரேக் லீவருக்கும் கிரிப்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு கைகளுக்கும் பிரேக் இருப்பதால் இது இரட்டிப்பு ஆபத்து. 7ஆம் எண் கேளுங்கள். இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

## கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வரிசை முக்கியம். முதல் சோதனையிலேயே தோற்ற கையுறைக்கு மீதிச் சோதனைகள் தேவையில்லை.

1. ஊதிப் பார்ப்பது. கையுறையைப் போட்டுக்கொண்டு, புறங்கையில் வாயை ஒட்டிவைத்து பலமாக ஊதுங்கள். உள்ளே தோலில் மூச்சுக்காற்று பட்டால் நெடுஞ்சாலைக் காற்றும் படும். விரல் இடுக்குகளிலும் தையல் ஓரத்திலும் ஊதிப் பாருங்கள். பெயர் பெற்ற கையுறைகள்கூட அங்கேதான் தோற்கும்.

2. முஷ்டி பிடிப்பது. கையை முழுக்க மூடுங்கள். விரல் இடுக்கில் துணி இழுத்துப் பிடித்தால் சிறியது. உள்ளங்கையில் துணி மடிந்து கட்டிக்கொண்டால் பெரியது. அந்த மடிப்பு கிரிப்புக்கும் கைக்கும் நடுவே சிக்கி, நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் கொப்புளம் போட்டுவிடும்.

3. நுனி பார்ப்பது. கையை விரித்தால் விரல் நுனிக்கும் கையுறை நுனிக்கும் இடையே நூலளவு இடம் இருக்க வேண்டும். நுனி முட்டினால் லீவர் பிடிக்கும்போது நகம் வலிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. இறுக்கமான கையுறை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், உள்ளே காற்றுக்கும் இடம் இருக்காது. சூட்டைக் காப்பதே அந்த அசையாத காற்றுதான். எவ்வளவு நல்ல பஞ்சாக இருந்தாலும் இறுக்கிப் போட்டால் குளிரும்.

4. கழற்றிப் பார்ப்பது. மணிக்கட்டுப் பட்டையை இழுத்து ஒட்டுங்கள். மறு கையால் விரல் நுனிகளைப் பிடித்துப் பலமாக இழுங்கள். கையுறை கழன்று வந்தால், விழும்போதும் கழன்றுவிடும். வேண்டாம்.

5. உள்துணி பார்ப்பது. உள்ளங்கையைத் தண்ணீரால் லேசாக நனைத்துக்கொண்டு கையுறையைப் போட்டுக் கழற்றுங்கள். உள்துணி விரலோடு ஒட்டி வெளியே வந்தால், மழையில் நனைந்த ஒரு நாள் அதைத் திரும்ப மாட்டவே முடியாது. சவ்வு வைத்த மலிவுக் கையுறைகளில் அடிக்கடி பார்க்கும் குறை இது.

6. வண்டியில் பார்ப்பது. எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, அதிகம் பேர் செய்யாததும் இதுதான். “அண்ணா, வெளிய வண்டிகிட்டப் போய் ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு வரட்டுங்களா?” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால் முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். லீவர் கனக்கத் தொடங்கும் இடம் விரலுக்குத் தெரிய வேண்டும். பிறகு கிளட்ச். பிறகு கண்ணை மூடியபடியே ஹாரன், டிம்-பிரைட், இண்டிகேட்டர். இண்டிகேட்டரை அணைக்க இரண்டு தரம் தடவ வேண்டியிருந்தால் கட்டைவிரல் தடிமனாகிவிட்டது என்று பொருள். பனிமூட்டத்தில் தொப்பூர்க் கணவாயில் லாரிக்குப் பின்னால் போகும்போது அந்த ஒரு நொடி பெரிய நொடி.

7. முத்திரை பார்ப்பது. மோட்டார் சைக்கிள் கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 13594. உள்ளே தைத்த துணிச்சீட்டில் வண்டியோட்டியின் சின்னமும், பாதுகாப்பு நிலை 1 அல்லது 2 என்ற எண்ணும் இருக்கும். கே.பி. என்று சேர்ந்திருந்தால் முட்டிக் கவசமும் சோதிக்கப்பட்டது. வெறும் ‘ரைடிங் கிளவுஸ்’ என்று அச்சடித்திருப்பது சோதனைக்குச் சான்று அல்ல. முத்திரை இல்லாத ஜோடிதான் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது என்றால், உள்ளங்கையின் அடிப்பாகத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரட்டைத் தோலோ வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடோ இருக்கிறதா என்று பாருங்கள். விழும்போது அனிச்சையாகக் கையை ஊன்றுகிறோம். அந்த இடம் சாலையைக் கவ்விப் பிடித்தால் மணிக்கட்டுச் சிற்றெலும்பு முறியும். வழுக்கிச் சென்றால் அடி குறையும்.

> கவனம்: விரல் நுனி இல்லாத அரைக் கையுறை குளிருக்கும் உதவாது, விழுந்தால் விரலுக்கும் உதவாது.

## கிளம்பும் முன் போடும் வரிசை

கையுறையை மட்டும் நம்பினால் போதாது. மார்பும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு அங்கே சூட்டைக் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விலையுயர்ந்த கையுறை போட்டும் விரல் விறைக்கிறது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் மேலே ஒரு சட்டையும் பின்னல் ஸ்வெட்டரும் மட்டும் போட்டிருப்பார்கள். ஸ்வெட்டருக்கு மேல் காற்றுப் புகாத ஒரு கோட்டு, அதுவும் இல்லையென்றால் மழைக்கோட்டாவது போட வேண்டும்.

1. கையுறை போடுவது வீட்டுக்குள், கை சூடாக இருக்கும்போதே நடக்கட்டும். கை விறைத்த பிறகு போட்டால் கையுறை அந்தக் குளிரைத்தான் காக்கும். கையுறை தானாகச் சூடு உண்டாக்குவதில்லை.
2. கை முழுக்கக் காய்ந்திருக்கட்டும். முகம் கழுவிய ஈரத்தோடு போட்டால் கால் மணி நேரத்தில் தெரியும்.
3. குளிர் அதிகமான நாளில் உள்ளே பட்டு அல்லது மெல்லிய கம்பளி உள்கையுறை. பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும்.
4. பிறகு கோட்டு, ஹெல்மெட். ஹெல்மெட் பட்டையை மாட்டிய பின், வீட்டுக்குள்ளேயே, கையுறை.
5. மழை இல்லாத நாளில் கையுறையின் கழுத்து கோட்டுக் கைக்கு மேலே வர வேண்டும். இல்லையென்றால் கைக்குழாய் வழியாகக் காற்று முழங்கை வரை ஏறும். மழை நாளில் இதை மாற்றுங்கள். மழைக்கோட்டின் கை வெளியே, கையுறை உள்ளே. நம் வண்டிகளில் நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தாழ்த்திப் பிடிக்கிறோம், கோட்டில் வழியும் தண்ணீர் நேரே கையுறைக்குள் இறங்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீள்வதால் இரண்டு முறையும் பழகியிருக்க வேண்டும்.
6. கிளம்பும் முன், நின்ற இடத்திலேயே இரண்டு பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

பின்னால் உட்காருகிறவருக்கும் கையுறை வேண்டும். முன்னால் இருக்கும் குழந்தையின் கையில் காற்று நேராக மோதுகிறது. அதற்குக் கம்பளிக் கையுறை போதும், அதன் மேல் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டு, காற்றுத் தடுக்கும் கோட்டுக்குள் கையை மறைத்து உட்கார வையுங்கள்.

> அவசர உபாயம்: பாதி வழியில் குளிர் பிடித்துக்கொண்டால், மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறையை உள்ளே போட்டு, அதன் மேல் வழக்கமான கையுறை. காற்று அறவே நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் வியர்வை சேர்ந்துவிடும், அதற்குள் போய்ச் சேர வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மேலே மாட்டிக்கொள்வது வேண்டாம், லீவரில் வழுக்கும்.

## வழியில் விரல் மரத்துப் போனால்

முதல் அடையாளம் வலி. அது பரவாயில்லை. வலி நின்று, விரல் இருப்பதே தெரியாமல் போவதுதான் எச்சரிக்கை. இண்டிகேட்டரைத் தள்ளியது தெரியவில்லை, லீவரை எத்தனை விரல் பிடித்திருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள். அடிவாரம் இன்னும் நான்கே வளைவுதான் என்று இறங்காதீர்கள்.

1. சாலையை விட்டு முழுக்க ஓரம் கட்டுங்கள். பனிமூட்டமாக இருந்தால் வளைவில் நிற்க வேண்டாம், நேரான இடத்தில் நான்கு இண்டிகேட்டரும் எரிய நிறுத்துங்கள். அந்த வசதி இல்லாத வண்டியில் பின்விளக்காவது எரியட்டும்.
2. கையுறையைக் கழற்றி, கைகளை எதிர் அக்குளுக்குள் வையுங்கள். ஐந்து நிமிடம்.
3. தோளிலிருந்து இரண்டு கைகளையும் வட்டமாக வீசுங்கள். ரத்தம் நுனிக்கு ஓடும்.
4. டீக்கடை இருந்தால் டம்ளரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம். சூடு அளவாக இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.
5. உணர்வு முழுவதும் திரும்பி, விரல்கள் தனித்தனியாக மடங்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

சைலன்சரிலோ எஞ்சினிலோ கையை வைத்துக் காய்ச்சிக்கொள்வது ஆபத்து. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, தெரியும்போது கொப்புளம் வந்திருக்கும். நீரிழிவால் கையில் உணர்வு குறைந்தவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். லேசான குளிருக்கே விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, பிறகு சிவந்து வலிக்கிறவர்கள் கையுறை மாற்றிப் பயனில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

## காசு குறைவாக இருந்தால் எதை விடலாம்?

தொடுதிரை நுனி, மின்னும் முட்டிப் பிளாஸ்டிக், பெரிய எழுத்துப் பெயர் ஆகியவற்றை விட்டுவிடலாம். ஓட்டும்போது போனைத் தொடப்போவதில்லை. நீர் புகாமையையும் விடலாம், மழைநாள் வேகம் எப்படியும் குறைவு. விடக்கூடாதவை மூன்று: உள்ளங்கைத் தோல், மணிக்கட்டுப் பட்டை, காற்றுத் தடுப்பு. கையுறைக்கே காசு இல்லை என்ற மாதத்தில் ஹேண்டில்பாரில் கைக்கவசம் மாட்டிக்கொள்ளலாம். பால் கொண்டுபோகும் எக்ஸ்எல் மொபெட்களில் சிலர் அட்டையும் பிளாஸ்டிக் தாளும் வைத்து இதைக் கட்டியிருப்பார்கள். காற்றை அது நன்றாகவே தடுக்கும். ஆனால் லீவர் முழு தூரம் போய்வருகிறதா, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது கம்பியிலோ டேங்கிலோ இடிக்கிறதா என்று பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள்.

## பராமரிப்பு

நனைந்த தோல் கையுறையை வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் உலர்த்தாதீர்கள், விறைத்துக்கொள்ளும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் விரல்கள் மேலே இருக்கும்படி வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். தோலுக்கு மெருகு க்ரீம் தடவுவதானால் புறங்கையில் மட்டும். உள்ளங்கையில் எண்ணெய்ப் பசை ஏறினால் கிரிப் வழுக்கும்.

மாசி பிறந்ததும் சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டு, துணிப்பையில் போட்டு அலமாரியில் வையுங்கள். சீட்டுக்கு அடியில் போட்டு வைத்தால் சேலத்துச் சித்திரை வெயிலில் பசை விட்டுவிடும், தோல் வெடிக்கும். அடுத்த ஐப்பசியில் எடுத்து, ஊதும் சோதனையையும் இழுக்கும் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். வெல்க்ரோ பிடிக்காமல் போயிருந்தால் தையல்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். உள்ளங்கைத் தையல் விட்டிருந்தாலோ, ஒருமுறை விழுந்து தோல் தேய்ந்திருந்தாலோ தைத்துப் போட வேண்டாம். தோட்ட வேலைக்கு வைத்துக்கொண்டு, வண்டிக்குப் புது ஜோடி வாங்குங்கள்.